நான் உடைக்காத அமுக்கமானி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரெலிபோன் அடித்தபோது, நான் சிட்னியில் டூங்கபி வீட்டுக் குசினியில் இருந்து ஒரு கிழமைக்கான மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எண்பதை எட்டிப் பார்க்கிறவனுக்கு வேறென்ன உத்தியோகம்.

"அங்கிள், நான் அபிராமி. கோயில்ல கண்டிருக்கிறீங்கள், சண்முகத்தின்ர மகள். இப்ப யூனிவேசிற்றியில சேஃப்டி ஒபிசரா இருக்கிறன்."

"ஓம் பிள்ளை, சொல்லு."

"பழைய ஃபிசிக்ஸ் பில்டிங்க ரெனவேட் பண்ணுறாங்கள் அங்கிள். ஒரு ரூமில நிலப்பலகையைக் கழட்டினவங்கள். கீழ எல்லாம் மேர்க்கியூரி. லைக், எ லொட். முந்தி ஒருக்கா க்ளீன் பண்ணினதெண்டு பேப்பர் இருக்கு, ஆனா முழுக்க எடுக்கேல்லை. அலுமாரி ஒண்டுக்குள்ள அந்த ரூமின்ர லொக் புக் கிடைச்சது. கேஜ் உடைஞ்ச பக்கத்தில கே.எஸ். எண்டு இனிஷல் இருக்கு. அது நீங்கள்தானே?"

எனக்குக் கையில் இருந்த குளிசை எந்த நாளுக்குரியது என்று மறந்துபோனது.

"எழுதினது நான்தான்," என்றேன்.

"ஓகே, குட். ஒரு ஃபோம் நிரப்பவேணும் அங்கிள். ஆர் சிந்தினது, எவ்வளவு, எப்பிடி க்ளீன் பண்ணினது எண்டு. டோன்ற் வொறி, நோபடி இஸ் இன் ட்ரபிள்."

பாவம், அவள் என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாள். சிக்கலில் மாட்டியிருக்க வேண்டியவன் ஐம்பது வருடமாக வசதியாக இருந்துவிட்டான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுடைய படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி இடம்தான் விட்டிருந்தார்கள். என் பதில் அதற்குள் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பழகிய கதை பெரிய கதையில்லை. கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரி, பிறகு அங்கேயே ஒரு பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் நாலு வருடம். கண்ணாடிக் குழாயை நெருப்பில் வளைக்கவும், வெற்றிடப் பம்பிகளைக் கழற்றிப் பூட்டவும், எங்கே காற்று ஒழுகுகிறது என்று தேடிப் பிடிக்கவும் அங்கே பழகினேன். இன்னொன்றும் பழகினேன். அந்த ஆய்வுகூடத்தில் ஒரு சாமான் உடைந்தால், உடைத்தது விரிவுரையாளராக இருந்தாலும் புத்தகத்தில் ஏறுவது உதவியாளரின் பெயர். யாரும் அப்படிச் செய் என்று சொல்வதில்லை. பெரியவர் வெட்கப்படக் கூடாது, அவ்வளவுதான். நாங்கள் எழுதிவிடுவோம், அவர் பார்க்காதமாதிரிக் கையெழுத்து வைப்பார், பிறகு எங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் அவர் பார்த்துக்கொள்வார். இதை நாங்கள் பொய் என்று நினைத்ததே இல்லை. மரியாதை என்று நினைத்தோம்.

அந்த மரியாதையையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னிக்கு வந்து இறங்கினேன். துறைமுகத்தில் ஒப்பேரா மண்டபம் இன்னும் கட்டி முடியவில்லை. ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்க்க இரண்டு ரயில் மாறவேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு நேர்முகம் வைத்தவர் ஓர் அமெரிக்கர், பேராசிரியர் வால்ற்றர் பென்வெல். நாங்கள் பேசிய இங்கிலிசை என் தமிழில் தருகிறேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கடைசியாக நீ உடைத்த சாமான் என்ன?"

நான் உண்மையாகவே உடைத்த ஒரு குடுவையைச் சொன்னேன். "நல்லது. திங்கட்கிழமை வா. என்னை வால்ற் என்று கூப்பிடு," என்றார்.

"ஓகே சேர்," என்றேன். அவரிடம் வேலை செய்த மூன்று வருடமும் எனக்கு அவர் சேர்தான், அவருக்கு நான் செல்வா. அங்கே கூட்டித் துடைக்கிறவர்கூட அவரை வால்ற் என்பார். என் நாக்கு மட்டும் வளையவில்லை.

ஆள் நெடுவல், நல்ல உயரம். அறுபதை நெருங்கிய வயது. நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். தகப்பன் அங்கே மருந்துக்கடை வைத்திருந்தவர். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் எங்கே வேலை செய்தார் என்பதை அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. யுத்தம் முடிந்தபிறகு, வாயுவுக்குள் ஓடும் இலத்திரன்கள் எப்படி மோதிச் சிதறுகின்றன என்பதை அதுவரை யாரும் அளக்காத நுட்பத்தில் அளந்து அமெரிக்காவின் பெரிய பரிசொன்றை வாங்கினார். பிறகு மறுபடியும் ஆயுத வேலைக்குக் கூப்பிட்டார்களாம். மாட்டேன் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு உலகத்தின் இந்த மூலைக்கு வந்துவிட்டார்.

பரிசுப் பதக்கத்தை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? தராசுப் பெட்டிக்குள். அதன் எடையை ஒருமுறை துல்லியமாக நிறுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதைத் தட்டில் வைத்து, தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தக் கிழமை வேலை தொடங்கும். "இது ஒன்றுக்காவது உதவுகிறதே," என்பார். முதல்முறை கேட்டபோது சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு விதி. லொக் புத்தகத்தில், அதாவது அறையின் வேலைப் பதிவேட்டில், மையால் எழுதவேண்டும். அழிக்கக் கூடாது. பிழை என்றால் கீழே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு. திருத்தியவர் தன் முதலெழுத்தையும் திருத்திய நாளையும் போடவேண்டும். எந்த வேலை என்றாலும், எந்தக் கை செய்ததோ அந்தக் கைக்குரியவரின் முதலெழுத்து. அவருடையது டபிள்யூ.பி., என்னுடையது கே.எஸ்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் அவரே சொன்னார். தகப்பனின் மருந்துக்கடையில் நஞ்சு மருந்துகளுக்கென்று தனிப் பதிவேடு. யார் நிறுத்துக் கொடுத்தாரோ அவர் முதலெழுத்து வைக்கவேண்டும். ஒரு குழந்தைக்குப் பிழையான மருந்து போய்விட்டது. குழந்தை தப்பவில்லை. கடையில் வேலை செய்த பெடியன்தான் கொடுத்தான் என்று தகப்பன் சத்தியம் செய்யாத குறை. பதிவேட்டைத் திறந்தால் தகப்பனின் எழுத்து. கொடுத்தது அவருக்கு ஞாபகமே இல்லை. அவருடைய மூளை தேயத் தொடங்கியிருந்தது.

"அடுத்தநாள் கடையைப் பூட்டினார்," என்றார் பேராசிரியர். "புத்தகம் இல்லாவிட்டால் இன்னும் இரண்டு பேரைக் கொன்றிருப்பார். ஆளின் ஞாபகம் பொய் சொல்லும் செல்வா. புத்தகம் சொல்லாது."

அந்த வசனத்தை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மண்டைக்குள் போகவில்லை.

எங்கள் அறையின் நடுநாயகம் அமுக்கமானிதான். வாயுவின் அமுக்கத்தை அளக்கும் கருவி. ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் குழாய்கள், அடியில் ஒரு பெரிய போத்தல் பாதரசம். பாதரசத்தை மெல்ல மேலேற்றினால் அது கொஞ்ச வாயுவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு மெல்லிய குழாயின் நுனியில் ஒடுக்கும். எவ்வளவு ஒடுங்கியது என்று அளவுகோலில் பார்த்து அமுக்கத்தைக் கணக்கிடலாம். அவசரப்பட்டு ஏற்றினால் பாதரசம் பாய்ந்து கண்ணாடியை உடைத்துவிடும். முதலில் பக்கத்துக் கண்ணாடி வளைவைத் திரவ நைதரசனில் அமிழ்த்தவேண்டும், பாதரச ஆவி மற்றப் பக்கம் போகாமல் அங்கேயே உறைந்து நிற்க. பிறகு ஏற்றம். பிறகு விரல் நகத்தால் குழாயை இரண்டு தட்டு. பிறகு அவர் வாசித்து ஒரு கடதாசித் துண்டில் எழுதுவார். நான் அவர் துண்டைப் பார்க்காமல் வாசித்து என் துண்டில் எழுதுவேன். இரண்டும் ஒத்துப்போனால் புத்தகத்தில் ஏறும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் இருந்து. ஒரு வாசிப்புக்கு ஒரு மணித்தியாலம். அவர் ஒருநாளும் அலுத்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து வருகிறேன், அறை நடுவே பேராசிரியர் நிற்கிறார். நிலமெல்லாம் கண்ணாடி. கையில் குப்பைவாரி.

"உடைத்துவிட்டேன். மேல் வால்வைத் திருப்பும்போது முழங்கை பட்டது," என்றார். முழங்கையைத் தடவிக்கொண்டார். "கண்ணில் பட்டதைக் கூட்டிப் போத்தலில் போட்டிருக்கிறேன். நிறுத்துப் பார்த்து எழுது. குறைந்தால் நிலப்பலகையைக் கழற்றவேண்டும். எனக்கு விரிவுரை இருக்கிறது."

போய்விட்டார். இவ்வளவு தெளிவாக யாரும் ஒரு வேலையைச் சொல்ல முடியாது.

போத்தலைத் தூக்கினேன். தூக்கியபோதே கைக்குத் தெரிந்தது, குறைகிறது. பாதரசம் ஈயத்தைவிடப் பாரம். கொஞ்சம் குறைந்தாலும் கை சொல்லும். அவருடைய மேசைக்குக் கீழே லினோலியம் விரிப்பு கிழிந்து, பலகை இடுக்குத் தெரிந்தது. அந்த இடுக்கையும் பார்த்தேன்.

அந்த மாதம்தான் துறைத் தலைவர் புதிதாக ஒரு பாதுகாப்புக் குழு அமைத்திருந்தார். அவருக்கு எங்கள் அறைமேல் கண். பழைய கண்ணாடிக் குழாய்களை எறிந்துவிட்டுக் கணினி வைக்கவேண்டும் என்று கூட்டத்திலேயே சொன்னவர். அமெரிக்கன் பாதரசத்தைச் சிந்தினான், நிலத்தைக் கிளப்பவேண்டும் என்று எழுதினால் அதுவே சாட்டு. அறை போனால் பேராசிரியர் போவார். பேராசிரியர் போனால் நானும் போவேன். அப்போதுதான் என் மனைவி புவனம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்து மூன்று மாதம்.

அதனால் எழுதினேன்: அமுக்கமானி துப்புரவு செய்யும்போது உடைந்தது. பாதரசம் முழுவதும் மீட்கப்பட்டது. எடை சரி. கே.எஸ். குறைந்ததைக் களஞ்சியத்துப் போத்தலில் இருந்து ஊற்றி நிரப்பினேன். தராசுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி மரியாதை, பாதி பயம். எது கூட என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டில் புவனத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"உங்களுக்கென்ன விசரே? உடைக்காத சாமானை உடைச்சதெண்டு எழுதிப்போட்டு வந்து நிக்கிறியள்!"

"அவர் பெரிய மனுசன் புவனம். அவற்ற பேர் கெடக்கூடாது."

"அவர்தானே எழுதச் சொன்னவர். அவருக்கே இல்லாத வெக்கம் உங்களுக்கென்னத்துக்கு?"

சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

சிட்னிக் குளிர் பனி கொட்டும் குளிரில்லை. ஆனால் அந்தக் கல்லுக் கட்டடம் எலும்புக்குள் குளிரும். பேராசிரியர் மேசைக்கு அடியில் காலடியில் ஒரு மின்சார ஹீற்றரை வைத்துக்கொண்டு, யன்னலைப் பூட்டிக்கொண்டு, நாள் முழுக்கக் கணக்குப் போடுவார். அதற்கு நேர்கீழே பலகை இடுக்கில் பாதரசம். சூடேற ஆவியாகி மேலே வந்திருக்கிறது. மணமில்லை, நிறமில்லை. நான் பெரும்பாலும் பக்கத்துப் பட்டறையில். வாசிப்பு நேரத்துக்கு மட்டும் உள்ளே போவேன்.

முதலில் மாறியது அவருடைய எழுத்து. சின்னதாகி, நடுங்கியது. பிறகு குணம். கருத்தரங்கில் எழும்பி நின்று சண்டைபிடிக்கிற மனுசன், ஆட்கள் வருகிறார்கள் என்றால் பின்கதவால் போகத் தொடங்கினார். ஒருநாள் பென்சில் கூர் உடைந்ததற்கு என்மேல் சீறி விழுந்தார், அடுத்த நிமிடம் கண் கலங்கினார். முரசில், பல் ஈறில், இரத்தம் வருகிறது, பல் பழுது என்றார். வால்வுகளை வரிசை மாற்றித் திறந்தார். நைதரசன் ஊற்றாமல் பாதரசத்தை ஏற்றினார்.

நான் என்ன செய்தேன்? பின்னால் போய்த் திருத்தினேன். புத்தகத்தில் ஒவ்வொரு பிழைக்கும் கீழே, நானே விட்டதுபோல், கே.எஸ். போட்டேன். அவருக்கு வயது போகிறது, ஒரு நல்ல மனுசனை நாங்கள்தான் தாங்கவேண்டும் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலம் ஒன்றும் செய்தேன். எங்கள் இருவர் வாசிப்பும் ஒத்துப்போகாமல் வரத் தொடங்கியபோது, அவர் துண்டை ஓரக்கண்ணால் பார்த்து அதே எண்ணை என் துண்டில் எழுதினேன். அவர் என் துண்டை வாங்கிப் பார்த்து, "அப்பாடா, சரி," என்பார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காக ஒரு வருட அளவீடுகளையும் குப்பையாக்கினேன்.

அடுத்த குளிர்காலம் முடிகிற நேரம் அவருடைய மனைவி ரூத் அறைக்கு வந்தார். பேராசிரியர் விரிவுரைக்குப் போயிருந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார்.

"செல்வா, உண்மையைச் சொல்லவேண்டும். வீட்டில் அவரால் தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் தூக்க முடியவில்லை. டொக்டரிடம் போவோம் என்றால் மறுக்கிறார். 'எனக்கு ஏதாவது என்றால் முதலில் வேலையில் தெரியும், போய் லொக் புத்தகத்தைப் பார்' என்கிறார். இங்கே அவர் பிழை விடுகிறாரா?"

புத்தகம் மேசையில் கிடந்தது. எடுத்து அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே ஒரு வருடப் பக்கங்களையும் புரட்டினார். டபிள்யூ.பி. என்று போட்ட ஒரு பிழைகூட இல்லை. கே.எஸ்., கே.எஸ்., கே.எஸ்.

என்னைப் பார்த்தார். சந்தேகமாகப் பார்த்தாரா, பரிதாபமாகப் பார்த்தாரா தெரியாது. "உனக்குத்தான் ஓய்வு தேவைபோல் இருக்கிறது," என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "கடவுளுக்கு நன்றி," என்றார்.

வாசல்வரை கூடப்போனேன். அந்த இடைவெளியில் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் சீவியத்தில் நான் செய்த பாவங்களை ஒழுங்காக அடுக்கச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பேன், அல்லது இரண்டாவதாக.

மற்றது அடுத்த கிழமை நடந்தது. பட்டறையில் நின்றேன். கூப்பிட்டார். போனால், புத்தகத்தில் பழைய பக்கம் ஒன்று திறந்திருக்கிறது. அமுக்கமானி உடைந்த பக்கம்.

"செல்வா, இதை உடைத்தது யார்?"

குனிந்து பக்கத்தைப் பார்த்தேன்.

"ரூத் சொன்ன பிறகு புரட்டிப் பார்த்தேன்," என்றார். "என் ஞாபகத்தில் இதை நான் உடைத்தேன். முழங்கை பட்டது ஞாபகம். சத்தம் ஞாபகம். உன்னை எழுதச் சொன்னதும் ஞாபகம். ஆனால் இங்கே உன் முதலெழுத்து இருக்கிறது. நீ துப்புரவு செய்தபோது உடைந்தது என்று இருக்கிறது."

வலது கையால் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அந்தக் கண்ணில் இருந்தது கோபமில்லை. பயம். ஓர் அறுபது வயது மனுசன், உலகம் மதித்த மூளை, ஒரு ஆய்வுகூட உதவியாளனிடம் தன் புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பாதுகாப்புக் குழு அறையைப் பார்க்க வருவதாக இருந்தது. புவனத்துக்கு ஏழு மாதம். இதெல்லாம் காரணம்தான். ஆனால் உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. அவருக்கு முன்னால் பொய்யன் என்று நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான்தான் சேர்," என்றேன்.

பிறகு முழங்கையை விட்டார்.

"அப்படியென்றால் புத்தகம் சரி," என்றார்.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துதான் அறையைத் திறந்தார். வழக்கம்போல் பதக்கத்தைத் தராசில் வைத்தார். கை நடுங்கியதால் மூன்று முறை வைக்கவேண்டி வந்தது. முள் சரியான இடத்தில் நின்றது. "தராசில் பிழை இல்லை," என்று சொல்லிவிட்டுப் பதக்கத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மூன்று வருடக் கணக்குக் கொப்பிகளையும் அடுக்கி, ஒவ்வொன்றின் அட்டையிலும் 'நம்பத்தகாதது' என்று எழுதி டபிள்யூ.பி. போட்டார். பதினொரு கொப்பி. எழுத்துக் கோணிக்கொண்டு போனது. நான் மையை ஒற்றிக் கொடுத்தேன்.

தகப்பனைப்போல் இவரும் கடையைப் பூட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் ஒற்றிக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் நெப்ராஸ்காவுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கோடையில் அறைக்குப் புதிதாக வந்த விரிவுரையாளர் கம்பி இழுப்பதற்காக லினோலியத்தைக் கிழித்தார். இடுக்கெல்லாம் வெள்ளிமணிபோல் பாதரசத் துளிகள். அறையைப் பூட்டினார்கள். பாதுகாப்புக் குழு என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. லொக் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இது உன் எழுத்தா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அந்தப் பொய்யை நான் சொன்னது அது மூன்றாம் முறை. கவனக்குறைவு என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள், அவ்வளவுதான். நிலத்தை மேலோட்டமாகத் துடைத்தார்கள். துறைத் தலைவருக்குக் கணினி அறை கிடைத்தது. அதே கட்டடத்தில் இன்னும் முப்பது வருடம் நான் உத்தியோகம் பார்த்து, பட்டறைக்குப் பொறுப்பாளனாகி, கேக் வெட்டி ஓய்வு பெற்றேன்.

அந்த விசாரணைக்குப் பிறகு என்னை டொக்டரிடம் அனுப்பிச் சலத்தில், அதுதான் சிறுநீரில், பாதரசம் உண்டா என்று சோதித்தார்கள். கொஞ்சம் இருந்தது, பயப்படுகிற அளவில்லை. டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: கை நடுக்கம் உண்டா? எழுத்துச் சிறுக்கிறதா? ஆட்களைக் கண்டால் ஒளிக்கத் தோன்றுகிறதா? காரணமில்லாமல் கோபம், அழுகை? முரசில் இரத்தம்? மறதி?

ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மறதிக்கு வந்தபோது எழும்பி நின்றுவிட்டேன். அவர் கேட்டதெல்லாம் வேறொரு மனுசனைப் பற்றி.

அவருக்கு மூளை தேயவில்லை. அவர் நஞ்சு குடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் அவருடைய பிழைகள் அவருடைய எழுத்தில் ஏறியிருந்தால், எந்த மாதம் தொடங்கியது, எப்படிக் கூடியது என்று கண்ணுள்ள எவனுக்கும் தெரிந்திருக்கும். ரூத் அன்றைக்கே அவரை இழுத்துக்கொண்டு போயிருப்பார். உடைந்த அன்றைக்கே உண்மையான எடையை எழுதியிருந்தால் அதற்கும் அவசியம் வந்திராது.

வீட்டுக்குப் போய்ப் புவனத்திடம் சொன்னேன். மகள் அவள் மடியில், பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்து சில நாள்தான். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதுங்கோ," என்றாள். "அந்த மனுசன் தனக்கு விசர் எண்டு நினைச்சுக்கொண்டு அங்க இருக்குது. இண்டைக்கே எழுதுங்கோ."

நாலு முறை எழுதிக் கிழித்து ஐந்தாவதை அனுப்பினேன். ஒரு மாதத்துக்குள் ஒரே உறைக்குள் இரண்டு கடிதம் வந்தது. ரூத்தின் கடிதம் நீளம். அங்கே போன பிறகு அவருடைய கை நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது, ஞாபகமும் திரும்புகிறது, ஏன் என்று தெரியாமல் இருந்தோம் என்று எழுதியிருந்தார். என் கடிதத்தைப் பேராசிரியர் வாசல் கேற்றடியில் நின்று வாசித்தாராம். பிறகு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வராமல் இருந்தாராம். நீங்கள் மறுபடி வேலைக்குப் போகலாமே என்று ரூத் கேட்டதற்கு, 'சொந்த முழங்கையை நம்பாதவன் எதை அளப்பான்' என்றாராம். அவர் திரும்பவும் ஒரு அளவீடும் செய்யவில்லை. அயலவர்களின் மணிக்கூடுகளைத் திருத்திக்கொண்டு இருந்தார். உன்னை மன்னிக்க முயல்கிறேன், இன்னும் முடியவில்லை என்று ரூத் முடித்திருந்தார்.

பேராசிரியருடைய கடிதம் ஒரே வரி.

'செல்வா, புத்தகத்தைத் திருத்து. டபிள்யூ.பி.'

எழுத்து நிமிர்ந்து, கம்பி இழுத்தமாதிரி நேராக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து எழுத்து.

திருத்தினேனா? இல்லை. புத்தகம் குழுவிடம் இருந்தது. கேட்டால் தந்திருப்பார்கள். திருத்தினால் விசாரணையில் சொன்னதும் பொய் என்று வரும். நாளைக்கு, அடுத்த மாதம், மகள் பள்ளிக்கூடம் போகட்டும், வீடு வாங்கி முடியட்டும் என்று தள்ளினேன். சில வருடத்தில் அவர் இறந்துவிட்டார் என்று யாரோ துறை அறிவித்தல் பலகையில் ஒரு பத்திரிகைத் துண்டு குத்தியிருந்தார்கள். பரிசைப் பற்றி இருந்தது. சிட்னி பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு யாருக்காகத் திருத்துவது என்று கேட்டு என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை அபிராமியின் அலுவலகத்துக்குப் போனேன். புவனம் உயிரோடு இருந்திருந்தால் கூட வந்திருப்பாள். மேசையில் படிவமும் புத்தகமும் இருந்தன. படிவத்தைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தை இழுத்தேன். இவ்வளவையும் அவளுக்குச் சொல்ல அரை மணித்தியாலம் எடுத்தது. இடையில் ஒருமுறை "ஓ மை கோட்" என்றாள்.

"பேனை இருக்கே பிள்ளை? மைப் பேனை."

"அங்கிள், டெக்னிக்கலி நான் இதில எழுத விடக்கூடாது..." என்று இழுத்தாள். பிறகு தன் பையைக் கிளறி ஒரு பேனையை எடுத்துத் தந்தாள்.

கே.எஸ். என்பதன்மேல் ஒரே ஒரு கோடு கீறினேன், கீழே இருப்பது தெரியும்படி. பக்கத்தில் டபிள்யூ.பி. என்று எழுதினேன். 'எடை சரி' என்பதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'தெரியாது, நிறுக்கவில்லை' என்று எழுதினேன். பிறகு அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். அவருடைய பிழைகளை ஒவ்வொன்றாக அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். என் கையும் இப்போது நடுங்கும், வயது. அபிராமி ரெலிபோனில் தன் கூட்டத்துக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தாள். முடிக்கப் பின்னேரமாகிவிட்டது.

"அங்கிள், டேற் போடேல்லை. எந்த டேற்? அண்டைக்கு நடந்த டேற்றோ?"

"இல்லைப் பிள்ளை. திருத்தின நாளைத்தான் போடவேணும். அது அவற்ற விதி."

போட்டேன். ஒரே வரியில் இரண்டு திகதி நிற்கிறது. நடுவில் ஐம்பது வருடம். ஏன் இவ்வளவு பிந்தியது என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கே.எஸ்.